சந்தைச் சட்டத்தின் வழியே ஒரு பாதுகாப்புக் கொள்கை: ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 28 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளில் 23 நாடுகளுக்கு முறைப்படியான நோட்டீஸ் அனுப்பியது. என்ஐஎஸ்-2 எனப்படும் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை அவை அக்டோபர் 17-ஆம் தேதிக்குள் உள்நாட்டுச் சட்டமாக்கி, அதை முழுமையாக ஆணையத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். கெடு முடிந்து ஆறு வாரமாகியும் அது நடக்கவில்லை. பெல்ஜியம், குரோவேஷியா, இத்தாலி, லிதுவேனியா ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே நோட்டீஸ் பெறவில்லை. பெற்றவற்றுள் ஜெர்மனியும் பிரான்ஸும் இருந்தன. ஒரு நாடே இணையத் தாக்குதலுக்கு இலக்காகலாம் என்பதை 2007-இல் உலகுக்கு உணர்த்திய எஸ்டோனியாவும் இருந்தது.

இந்தத் தாமதத்தை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட்டால் விஷயத்தின் பாதியைத் தவறவிட்டுவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தேசப் பாதுகாப்பு என்பது ஒவ்வொரு நாட்டுக்கும் தனியே உரியது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே ஒன்றியம் தன் இணையப் பாதுகாப்புக் கொள்கையைப் பாதுகாப்புச் சட்டமாக எழுத முடியவில்லை. பொதுச் சந்தை தடையின்றி இயங்குவதற்கான சட்டமாகவே அதை எழுதியது. அந்த ஒரு தேர்வுதான் இன்றுவரை அக்கொள்கைக்கு வலுவையும் தந்திருக்கிறது, எல்லையையும் வகுத்திருக்கிறது என்பது இந்த ஆய்வின் முடிபு. சந்தைச் சட்டம் கடமையை விதிக்கும், கெடு வைக்கும், அபராதம் போடும், நீதிமன்றத்துக்கு இழுக்கும். உளவுத் தகவலை ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் மனமுவந்து பகிர வைக்க அதனால் இயலாது.

தாலின், 2007

எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் நின்றிருந்த சோவியத் காலத்துப் போர்வீரன் சிலையை அரசு 2007 ஏப்ரல் இறுதியில் இடம் மாற்ற முற்பட்டபோது தெருக்களில் கலவரம் மூண்டது. அதே நாள்களில் நாடாளுமன்றம், அமைச்சகங்கள், நாளிதழ்கள், வங்கிகள் ஆகியவற்றின் இணையதளங்கள்மீது போலிக் கோரிக்கைகள் வெள்ளமாகப் பாயத் தொடங்கின. பல நாடுகளில் சிதறிக் கிடந்த, உரிமையாளருக்கே தெரியாமல் பிறர் கைப்பற்றிய கணினிகளிலிருந்து அவை வந்தன. தாக்குதல் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் மாதத்தில்தான், தேசியத் தேர்தலில் இணையம் வழியாக வாக்களிக்கும் வசதியை நடைமுறைப்படுத்திய நாடு அது. வங்கிச் சேவையும் அரசுச் சேவையும் பெரும்பாலும் இணையத்துக்கு மாறிவிட்டிருந்தன. நாட்டின் மிகப் பெரிய வங்கி வெளிநாட்டு இணைப்புகளைத் துண்டித்துத் தன்னைக் காத்துக்கொண்டது. உள்நாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை மீண்டது. வெளிநாட்டில் இருந்த எஸ்டோனியர்கள் தங்கள் கணக்கை அணுக முடியாமல் போனது.

அப்போது கை கொடுத்தது எது என்பதை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். எஸ்டோனியாவின் கணினி அவசர உதவிக் குழு அமைக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஐரோப்பிய இணைய முகவரிப் பதிவகமான ரைப் அமைப்பின் கூட்டம், முன்பே திட்டமிட்டபடி, மே 7 முதல் 11 வரை தாலினிலேயே நடந்தது. உலகின் பெரிய இணைய வலையமைப்புகளை நடத்துபவர்களுக்கு நன்கு அறிமுகமான வல்லுநர்கள் சிலர் அதற்காக ஊருக்குள் வந்திருந்தனர். வெளிநாட்டு இணையச் சேவை நிறுவனங்களைத் தொடர்புகொண்டு, 'இந்த முகவரிகளிலிருந்து வரும் தரவுப் போக்கை நிறுத்துங்கள்' என்று கேட்டால் மறுமுனையில் இருப்பவர் நம்பிச் செய்ய வேண்டும். முன்பின் தெரியாத ஒரு குழுவின் பேச்சைக் கேட்டு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். தெரிந்தவர்கள் உத்தரவாதம் அளித்ததால் அது நடந்தது. பின்லாந்து, ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளின் அவசர உதவிக் குழுக்களும் ஒத்துழைத்தன.

ஆக, 2007-இல் ஐரோப்பாவிடம் இருந்தது தனிமனித அறிமுகங்களின் வலை மட்டுமே. எந்த நாட்டில் யாரை அழைப்பது, எவ்வளவு நேரத்துக்குள் பதில் வர வேண்டும், யார் பொறுப்பு என்பவற்றைச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. சட்டப் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தின் கீழ் எஸ்டோனியா ரஷ்யாவிடம் விசாரணைக்கு ஒத்துழைப்புக் கேட்டு மறுக்கப்பட்டது. இறுதியில் தண்டனை பெற்றவர் ஒரே ஓர் உள்நாட்டு மாணவர். 17,500 குரூன், அதாவது ஏறத்தாழ 1,100 யூரோ அபராதம். நேட்டோ 2008-இல் தாலினில் இணையப் பாதுகாப்பு ஆய்வு மையம் ஒன்றை நிறுவியது. ஒன்றியத்தின் சட்டம் வருவதற்கு மேலும் எட்டாண்டு ஆயிற்று.

பாதுகாப்பை ஏன் சந்தையாக எழுதினார்கள்

சட்ட அடிப்படை குறித்த சர்ச்சை எஸ்டோனியாவுக்கும் முந்தியது. 2004-இல் எனிசா எனப்படும் ஒன்றிய இணையப் பாதுகாப்பு முகமை ஐந்தாண்டுக் கால வரம்புடன் தொடங்கப்பட்டு, கிரீட் தீவிலுள்ள எராக்லியோன் நகரில் அமர்த்தப்பட்டது. பொதுச் சந்தைக்கான சட்டங்களை ஒத்திசைக்கும் பிரிவின் கீழ் ஒரு முகமையை உருவாக்க முடியாது என்று பிரிட்டன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006 மே 2 அன்று நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாட்டுக்கு நாடு மாறுபடும் தொழில்நுட்பப் பாதுகாப்பு விதிகள் சந்தைக்கு இடையூறு ஆகலாம். அவற்றை ஒத்திசைக்க உதவும் முகமையைச் சந்தைப் பிரிவின் கீழ் நிறுவலாம் என்பது தீர்ப்பின் சாரம். பிறகு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டங்களுள் முதன்மையானவை அந்தப் பிரிவையே பற்றிக்கொண்டு எழுந்தன. அன்று கால வரம்புடன் பிறந்த எனிசா 2019-இல்தான் நிரந்தர முகமையானது. தலைமையகம் ஏதென்ஸுக்கு மாறியிருக்கிறது.

இந்த வழியின் நன்மை தெளிவானது. பாதுகாப்புத் துறையில் ஒருமித்த ஒப்புதல் வேண்டும், அதாவது ஒரு நாடு மறுத்தாலும் முடிவில்லை. சந்தைத் துறையிலோ தகுதிப் பெரும்பான்மை, அதாவது போதிய மக்கள்தொகை கொண்ட பெரும்பான்மை நாடுகளின் ஆதரவு, இருந்தால் போதும். ஐரோப்பிய நாடாளுமன்றமும் சம அதிகாரத்துடன் பங்கேற்கும். மீறும் நாட்டை ஆணையம் நீதிமன்றத்தில் நிறுத்தி நிதித் தண்டனை கோரலாம். உலகில் வேறெந்த நாடுகளின் கூட்டமைப்புக்கும் இணையப் பாதுகாப்பில் இத்தகைய பிடி இல்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மலாபோ உடன்படிக்கை 2014 ஜூனில் ஏற்கப்பட்டது. தேவையான 15 நாடுகளின் ஒப்புதல் சேர்ந்து அது நடைமுறைக்கு வந்தது 2023 ஜூன் 8 அன்றுதான். ஐ.நா. வகுத்த 11 நடத்தை நெறிகளைத் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் 2018-இல் கொள்கையளவில் ஏற்றன. 2024 அக்டோபரில் சிங்கப்பூரில் வட்டார அவசர உதவிக் குழுவுக்கான இடத்தையும் திறந்தன. ஆனால் அந்நெறிகளை மீறும் உறுப்பினரைக் கேள்வி கேட்க ஆசியானில் நீதிமன்றம் இல்லை, வேண்டுமென்றும் அவை எண்ணவில்லை.

யார் கணக்கில் வருவார்கள்: முதல் சட்டத்தின் சறுக்கல்

ஆணையம் 2013 பிப்ரவரியில் முன்மொழிந்த முதல் என்ஐஎஸ் சட்டம் 2016 ஜூலை 6 அன்று நிறைவேறியது. அது நேரடியாக எல்லா நாடுகளிலும் செல்லுபடியாகும் வகையைச் சேர்ந்ததன்று. எட்ட வேண்டிய இலக்கை ஒன்றியம் சொல்லும். அதற்கான உள்நாட்டுச் சட்டத்தை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் இயற்றிக்கொள்ளும். எரிசக்தி, போக்குவரத்து, வங்கி, நிதிச் சந்தைக் கட்டமைப்பு, மருத்துவம், குடிநீர், இணையக் கட்டமைப்பு ஆகிய ஏழு துறைகளில் 'இன்றியமையாச் சேவை' வழங்குவோர் யார் என்று ஒவ்வொரு நாடும் 2018 நவம்பர் 9-க்குள் கண்டறிய வேண்டும். அவர்கள் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து, பெரிய இடையூறு நேர்ந்தால் 'தேவையற்ற தாமதமின்றி' தெரிவிக்க வேண்டும்.

அந்தக் கண்டறியும் வேலையில்தான் ஒருங்கிணைப்பு நழுவியது. ஆணையம் 2019 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு நாடு கண்டறிந்த வழங்குநர்களின் எண்ணிக்கை 20-இலிருந்து 10,897 வரை வேறுபட்டது. அந்த 10,897 பின்லாந்துக்கு உரியது. மருத்துவத் துறையில் அந்நாடு கையாண்ட முறையே எண்ணிக்கையை அவ்வளவு உயர்த்தியது. ஜெர்மனியிலோ, ஆண்டுக்கு 30,000 உள்நோயாளிகளுக்குமேல் சிகிச்சை தரும் மருத்துவமனைதான் கட்டாயப் பட்டியலில் வரும் என்ற வரம்பு இருந்தது. ஒரே சட்டம், ஒரே துறை. ஆனால் பின்லாந்தில் கடமைக்கு உட்பட்ட ஒரு சிறு சுகாதார நிலையத்தைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய மருத்துவமனை ஜெர்மனியில் கடமைக்கு வெளியே நின்றது.

இதில் எந்த நாட்டின் முறை சிறந்தது என்பது இரண்டாம் கேள்வி. ஒருங்கிணைப்பின் நோக்கிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து நிற்பதே இடர். ஒரு மின் நிறுவனத்துக்கு எல்லையின் இருபுறமும் கிளைகள் உள்ளன என்று கொள்வோம். ஒரு நாட்டில் அது தாக்குதலைத் தெரிவித்தே தீர வேண்டும், மறு நாட்டில் வாய் திறக்க வேண்டியதில்லை என்றால், ஒன்றியம் முழுவதற்குமான நிலவரத்தை யாராலும் கூட்டிப் பார்க்க முடியாது. 'தேவையற்ற தாமதமின்றி' என்ற தொடருக்கும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு மணிக்கணக்கு. எந்த அளவு பாதிப்பைப் பெரிய இடையூறாகக் கொள்வது என்பதிலும் அப்படியே. விதிகளின் நயத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் யார் உட்பட்டவர், எப்போது சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் பொதுவாக இல்லாதவரை, கூட்டுக் கொள்கை என்பது 28 தனிக் கொள்கைகளின் தொகுப்பே. அப்போது பிரிட்டனும் உள்ளே இருந்ததால் எண்ணிக்கை 28.

2017: இரண்டு தாக்குதல்கள்

முதல் சட்டம் நடைமுறைக் கெடுவை எட்டுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 2017 மே 12 வெள்ளிக்கிழமை, வானாக்ரை பரவியது. விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தானாகத் தாவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள் அது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவாத கணினிகள் சிக்கின. ஸ்பெயினில் தொலைத்தொடர்பு நிறுவனமான டெலிஃபோனிகா, பிரான்ஸில் ரெனோ கார் ஆலைகள், ஜெர்மனியில் ரயில் நிலைய அறிவிப்புப் பலகைகள் என ஒரே நாளில் எல்லை பாராமல் அது பாய்ந்தது. இங்கிலாந்தில் பொது மருத்துவச் சேவையை நடத்தும் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அச்சேவை கணித்தது.

என்ஐஎஸ் சட்டம் உருவாக்கிய தேசிய அவசர உதவிக் குழுக்களின் வலையமைப்பு செயல்படத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த வாரத்தில்தான் ஒன்றிய அளவில் முதன்முறையாக நடைமுறை ஒத்துழைப்பு நிகழ்ந்தது: எந்த வடிவம் எங்கே தென்பட்டது, எந்தத் தடுப்பு வேலை செய்கிறது என்பதைக் குழுக்கள் தமக்குள் பரிமாறிக்கொண்டன, எனிசா அதைத் தொகுத்தது. தாலினில் 2007-இல் தற்செயலாகக் கிடைத்த அறிமுக வலைக்கு இப்போது பெயரும் தொடர்பு எண்களும் நடைமுறை விதிகளும் கிடைத்திருந்தன. சட்டத்தின் பிற பகுதிகள் தள்ளாடியபோதும் இந்த ஒன்று பலன் தந்தது என்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பரவலை உண்மையில் நிறுத்தியது, மென்பொருளுக்குள் இருந்த ஓர் இணைய முகவரியைக் கண்டு அதைப் பதிவு செய்த ஓர் இளம் ஆய்வாளரின் செயல் என்பதும் மறக்கத் தக்கதன்று.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 27 அன்று, உக்ரைனின் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியே நாட்பெட்யா கிளம்பியது. பணம் கேட்பதுபோல் தோன்றினாலும் அதன் வேலை அழிப்பது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் 25 முதல் 30 கோடி டாலர் வரை இழப்பைக் கணக்கிட்டது. தொழில்நுட்பக் குழுக்கள் பேசிக்கொள்வது மட்டும் போதாது, அமைச்சகங்களின் மட்டத்திலும் நெருக்கடி நேரத்தில் யார் யாருடன் பேசுவது என்பது முன்பே வரையறுக்கப்பட வேண்டும் என்ற உணர்வு இதன் பிறகே வலுத்தது. ஆணையம் அந்தச் செப்டம்பரில் ஒரு செயல்திட்ட வரைவைப் பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாகத் தேசிய முகமைகளை இணைக்கும் சைக்ளோன் என்ற வலையமைப்பு 2020 செப்டம்பரில் தொடங்கியது. இரண்டாம் சட்டம் அதற்குச் சட்டத் தகுதி தந்தது.

இரண்டாம் சட்டம்: 24 மணி நேரம், 72 மணி நேரம், ஒரு மாதம்

2022 டிசம்பர் 14 அன்று நிறைவேறிய என்ஐஎஸ்-2, முதல் சட்டத்தின் சறுக்கலை நேராகவே திருத்தியது. யார் உட்பட்டவர் என்று தேடிக் கண்டறியும் பொறுப்பைப் பெரும்பாலும் நீக்கி, அளவுகோலைச் சட்டத்துக்குள்ளேயே வைத்தது: பட்டியலிட்ட 18 துறைகளில் ஒன்றில், நடுத்தர அளவுக்குக் குறையாத நிறுவனம் என்றால் தானாகவே கடமைக்குள் வந்துவிடும். ஜெர்மனியில் முன்பு ஏறத்தாழ 4,500 ஆக இருந்த உட்பட்ட அமைப்புகள் புதிய சட்டத்தின் கீழ் சுமார் 29,500 ஆகும் என்று அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அலுவலகம் கணித்திருப்பதே மாற்றத்தின் பருமனைக் காட்டும். அபராதத்துக்கும் பொது அளவு வந்தது: முதன்மைப் பிரிவு நிறுவனங்களுக்கு அதிகபட்ச அபராதம் குறைந்தது 1 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு நிர்வாகக் குழு ஒப்புதல் அளித்து மேற்பார்வையிட வேண்டும், தவறினால் அதன் உறுப்பினர்கள் பொறுப்பேற்க நேரிடலாம் என்பதையும் சட்டம் சேர்த்தது. கணினிப் பிரிவின் கவலையாக இருந்ததை இயக்குநர்களின் மேசைக்கு நகர்த்திய இந்தப் பிரிவை, அபராதத்தைவிட வலியதாக நான் மதிக்கிறேன்.

தெரிவிக்கும் கடமை மூன்று படிகளாக வகுக்கப்பட்டது. தாக்குதலை அறிந்த 24 மணி நேரத்துக்குள் முன்னெச்சரிக்கை. அதில் இரண்டே கேள்விகள் முக்கியம்: இது தீய நோக்குடன் செய்யப்பட்டதாகத் தோன்றுகிறதா, பிற நாடுகளைப் பாதிக்கக் கூடுமா? 72 மணி நேரத்துக்குள் முதல் மதிப்பீடு, தாக்குதலின் தடயங்களோடு. ஒரு மாதத்துக்குள் இறுதி அறிக்கை. முன்னெச்சரிக்கை பெற்ற தேசியக் குழுவும் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். நிறுவனம் கேட்டால் வழிகாட்டுதலும் தர வேண்டும். இந்தியாவின் தேசியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விதித்த கெடு 6 மணி நேரம். ஐரோப்பிய ஏற்பாட்டின் சிறப்பு, முதல் நாளில் கொஞ்சமாகச் சொல்ல அனுமதித்து, விவரத்தைப் பின்னர் கோருவது. முதல் நாள் எவரிடமும் முழு விவரம் இருக்காது என்பதை அது ஏற்கிறது.

ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது நிறுவனம் அறிந்த நொடியிலிருந்துதான். அயர்லாந்தின் பொது மருத்துவச் சேவையில் 2021 மே 14 அன்று கோண்டி கும்பலின் பணப்பறிப்பு மென்பொருள் வெடித்து, நாடெங்கும் மருத்துவர்கள் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்ப நேர்ந்தது. மோசடி மின்னஞ்சலுடன் வந்த கோப்பை ஒரு பணியிடக் கணினியில் திறந்தது மார்ச் 18 அன்று என்பதைப் பின்னர் நடந்த சுயேச்சை ஆய்வு கண்டறிந்தது. இடைப்பட்ட எட்டு வாரங்களில் எச்சரிக்கைக் குறிகள் தென்பட்டும் உரிய விசாரணை நடக்கவில்லை. அறியாமல் இருந்தவரை எந்தக் கெடுவும் தொடங்காது. எனவே தெரிவிக்கும் கடமையைவிடக் கண்காணிக்கும் திறனே முந்தியது. அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். சட்டம் ஏற்பாடுகளைக் கோரலாம்; 27 நாடுகளின் நகராட்சிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பயிற்சி பெற்ற ஊழியர்களை அதனால் உற்பத்தி செய்ய முடியாது.

இச்சட்டம் சென்னையையும் தொடுகிறது. வழங்கல் சங்கிலியின் பாதுகாப்புக்கும் நிறுவனமே பொறுப்பு என்று அது சொல்வதால், ஐரோப்பிய வங்கியோ மின் நிறுவனமோ தன் கணினிப் பராமரிப்பை ஒப்படைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இந்தக் கெடுக்கள் இறங்குகின்றன. ஒன்றியத்தில் நிலைகொள்ளாமல் அங்கே பராமரிப்புச் சேவை வழங்குவோர், ஏதேனும் ஓர் உறுப்பு நாட்டில் தம் பிரதிநிதியை நியமிக்கவும் கடமைப்பட்டவர்கள்.

இனி 23 நாடுகளின் தாமதத்துக்கு வருவோம். ஜெர்மனியில் 2024 நவம்பரில் கூட்டணி அரசு கவிழ்ந்து மசோதா காலாவதியானது. புதிய சட்டம் 2025 டிசம்பர் 6 அன்றே நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸில் 2024 ஜூனில் நாடாளுமன்றக் கீழவை கலைக்கப்பட்டது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்புதான் மசோதா மேலவையில் வைக்கப்பட்டது. இவை அரசியல் விபத்துகள். இவற்றின் அடியில் பொதுவான காரணம் ஒன்றும் இருக்கிறது: ஆயிரக்கணக்கான புதிய அமைப்புகளை மேற்பார்வையிட எந்த அலுவலகம், மத்திய அரசா மாநிலமா, துறைவாரியா பொதுவா என்ற உள்நாட்டுக் கேள்விக்கு விடை காணாமல் சட்டம் எழுத முடியாது. 2025 மே 7 அன்று ஆணையம் அடுத்த கட்ட நடவடிக்கையாக விளக்கமான கருத்துரை அனுப்பியபோதும் 19 நாடுகள் பட்டியலில் எஞ்சியிருந்தன. வங்கி உள்ளிட்ட நிதித் துறையின் இணையப் பாதுகாப்புக்கான டோரா சட்டத்தை ஒன்றியம் நேரடிச் சட்டமாக இயற்றியதால், அது 2025 ஜனவரி 17 அன்று 27 நாடுகளிலும் ஒருசேர அமலுக்கு வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, என்ஐஎஸ்-2 சட்டமும் அந்த வடிவில் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் மருத்துவமனையையும் குடிநீர் வாரியத்தையும் உள்ளாட்சியையும் பிரஸ்ஸல்ஸின் நேரடிச் சட்டத்துக்குக் கீழ் வைக்க அன்று பெரும்பான்மை கிடைத்திருக்கும் என்று நான் கருதவில்லை.

சந்தைச் சட்டம் எட்டாத இடம்

தாக்கியவர் யார் என்று பெயர் சொல்வதில் சந்தைச் சட்டத்துக்கு வேலையில்லை. அது வெளியுறவுக் கொள்கை. ஒருமித்த ஒப்புதல் வேண்டும். ஆதாரமோ தேசிய உளவுத்துறைகளின் பெட்டகத்தில் இருக்கும். தன் பாதுகாப்பு நலனுக்கு எதிரானதாகக் கருதும் தகவலைத் தரும்படி எந்த நாட்டையும் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 346-ஆம் பிரிவு கூறுகிறது. நாட்பெட்யாவுக்கு ரஷ்யாவே பொறுப்பு என்று பிரிட்டனும் டென்மார்க்கும் 2018 பிப்ரவரி 15 அன்று அறிவித்தன. ஏப்ரல் 16 அன்று ஒன்றியத்தின் அமைச்சர்கள் அவை வெளியிட்ட தீர்மானம் வானாக்ரையையும் நாட்பெட்யாவையும் கண்டித்தது; எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. இணையத் தாக்குதலுக்கான தடை விதிமுறை 2019 மே 17 அன்று வந்தது. முதல் தடைப்பட்டியல், ஆறு தனிநபர்களும் மூன்று அமைப்புகளும் அடங்கியது, 2020 ஜூலை 30 அன்று. வானாக்ரை பரவி மூன்றாண்டு கடந்துவிட்டிருந்தது.

2022 பிப்ரவரி 24 அதிகாலை, உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் சேவை தாக்கப்பட்டது. உக்ரைனில் மட்டுமன்றி ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் மோடம்கள் செயலிழந்தன. ஜெர்மன் நிறுவனமான எனர்கானின் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க இயலாமல் போனது. இம்முறை ஒன்றியம் மே 10 அன்றே, 27 நாடுகளின் சார்பில், ரஷ்யாவின் பெயரைச் சொல்லிக் கண்டித்தது. இந்த வேகத்தைத் தந்தது புதிய சட்டம் எதுவும் அன்று. போர் வாசலுக்கு வந்திருந்ததால் நாடுகளின் மதிப்பீடு ஒன்றுபட்டது.

ஐந்தாம் தலைமுறை அலைபேசி வலையமைப்பிலும் இதே கோடு தெரிகிறது. 2020 ஜனவரியில் ஒன்றியம் ஒரு பொது நடவடிக்கைத் தொகுப்பை வெளியிட்டு, அதிக இடர் கொண்ட வழங்குநர்களைக் கட்டுப்படுத்துமாறு பரிந்துரைத்தது. 2023 ஜூனில் ஆணையம் நிலைமையைப் பரிசீலித்தபோது அதைப் பயன்படுத்திக் கட்டுப்பாடு விதித்திருந்தவை 10 நாடுகள் மட்டுமே. மேகக் கணிமைக்கான பொதுச் சான்றிதழ்த் திட்டமோ, தரவை ஐரோப்பிய நிறுவனங்களே கையாள வேண்டுமா என்ற கேள்வியில் நாடுகள் பிளவுபட்டதால் ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்றது.

சந்தைச் சட்டத்துக்கும் தேசப் பாதுகாப்புக்கும் நடுவிலான கோடு மிகக் கூர்மையாகத் தெரிந்த இடம், 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த இணையத் தாங்குதிறன் சட்டம். மென்பொருளும் இணையத்தோடு இணையும் பொருள்களும் ஐரோப்பியச் சந்தையில் விற்கப்பட வேண்டுமானால் அவற்றின் பாதுகாப்புக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று சொல்லும் நேரடிச் சட்டம் அது. தன் பொருளில் உள்ள ஓர் ஓட்டையை யாரோ பயன்படுத்தித் தாக்கி வருகிறார்கள் என்று அறியும் உற்பத்தியாளர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். இக்கடமை 2026 செப்டம்பர் 11 முதல் கட்டாயம். யாரிடம் தெரிவிப்பது என்பதில்தான் பேச்சுவார்த்தை முட்டி நின்றது. ஆணையத்தின் முன்மொழிவு எனிசாவைக் குறித்தது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் தேசியக் குழுக்களுக்கு மாற்றக் கோரின. இன்னும் திருத்தப்படாத ஓட்டைகளின் விவரம் ஓரிடத்தில் குவிந்தால் அதுவே தாக்குவோருக்குப் பெரும் இலக்காகிவிடும், அரசுகளே அவற்றை உளவுக்குப் பயன்படுத்தும் ஆபத்தும் உண்டு என்று பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் 2023 அக்டோபரில் திறந்த மடல் எழுதினர். முடிவில் ஒரே அறிக்கைத் தளத்தின் வழியே தேசியக் குழுவுக்கும் எனிசாவுக்கும் ஒருசேரத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தது. முதலில் பெறும் தேசியக் குழு அதைப் பிற நாடுகளின் குழுக்களுக்கு உடனே அனுப்ப வேண்டும். விதிவிலக்கான சூழலில், இணையப் பாதுகாப்புக் காரணம் காட்டி, மிக அவசியமான காலத்துக்கு மட்டும் அதைத் தாமதிக்கலாம். தாமதித்தால் எனிசாவிடம் காரணம் சொல்ல வேண்டும். எத்தனை நாடுகள், எத்தனை முறை, எந்தக் காரணத்துக்காக அந்த விதிவிலக்கை எடுத்துக்கொள்கின்றன என்பது எனிசாவின் பதிவேட்டில் சேரும்.